பதின்மூன்று மணி அடித்த கான்ஸ்டபிள்

போன வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊரில் பதின்மூன்று மணி அடித்தது.

சிரிக்காதீர்கள். நான் எண்ணினேன். நான் மட்டுமா? இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து எண்ணினார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிகாரம் இல்லை. அதாவது, இருக்கிறது... ஓடுவதில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. சென்ட்ரி நிற்கும் கான்ஸ்டபிள் மணிக்கு மணி அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். ஊர் அதைக் கேட்டுத்தான் உலை வைக்கிறது, கடை அடைக்கிறது, மருந்து குடிக்கிறது. நான் அதைக் கேட்டுக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அடி விழ விழப் பிள்ளைகள் உரக்க எண்ண வேண்டும். அவர்களுக்கும் குஷி, எனக்கும் தொண்டைக்கு ஓய்வு.

அன்றும் எண்ணினார்கள். "ஒம்போது... பத்து..." சொல்லிவிட்டு உட்காரப் போனார்கள். இன்னோர் அடி விழுந்தது. சரி, பதினொன்று. இன்னொன்று. பன்னிரண்டு. இன்னொன்று!

முதல் பெஞ்சு செல்லம்மா கையைத் தூக்கினாள்.

"டீச்சர், பதிமூணு மணின்னா சாப்புடுற நேரமா, தூங்குற நேரமா?"

பதின்மூன்றுக்குப் பிறகு எண்ண முடியவில்லை. தனித்தனியாக விழுந்துகொண்டிருந்த அடிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. டண்... டண டண்... டண்... டண டண்...

ஸ்டேஷன் மணி நிற்காமல் அடித்தால் ஆபத்து என்று அர்த்தம். எங்கேயோ தீ, அல்லது கைதி தப்பிவிட்டான். போலீஸ்காரர்கள் எல்லோரும் இருந்தது இருந்தபடி ஓடிவர வேண்டும். ஊருக்கே இது தெரியும். எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அது ஆபத்து மணியே இல்லை. அது பெரட்டுத் தப்பு!

தேயிலைத் தோட்டத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டவுன் வாசகர்களுக்காக: விடிவதற்கு முன்னால் லயத்து வரிசை வீடுகளில் தூங்கும் ஜனங்களை எழுப்பி வேலைக்கு வரிசை கட்டச் சொல்வதுதான் பெரட்டு. அதற்கென்று ஒரு தப்பு, அதாவது பறை, அடிப்பார்கள். அந்தத் தாளத்துக்கு லயத்துப் பிள்ளைகள் சொல்லும் அர்த்தம் 'எந்திரி... எந்திரி எந்திரி'. கல்யாணத்துக்கு முன்னால் மடுல்சீமையில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்தத் தாளத்தை எந்தக் காட்டில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

எங்கள் ஸ்டேஷனில் அந்தத் தாளம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய அப்பா மடுல்சீமைத் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அடித்தவர். அந்த ஒரே ஒருவர் என் வீட்டுக்காரர்.

அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். "வாயால்தானே சொல்லக்கூடாது, பேனாவால் எழுதலாமே" என்று நம் பத்திரிகை ஆசிரியர் வாதாடுகிறார். வம்பு எதற்கு? இந்த விஷயத்தில் பெண்டாட்டிகளின் கஷ்டம் புரிந்துதானோ என்னவோ, சர்க்காரே அவருக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கிறது. முந்நூற்றுப் பதினேழு. பதுளையிலிருந்து மடுல்சீமை போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரையும் கேட்காதீர்கள். அதற்குக் காரணம் போகப் போகத் தெரியும்.

வகுப்பை அடுத்த அறை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். சென்ட்ரியில் தூங்கினால் என்ன தண்டனை என்று போலீஸ் லயத்தில் இருக்கிற கோழிக்குக்கூடத் தெரியும். உத்தியோகம் போகும். உத்தியோகம் போனால் லயத்து அறை போகும். எட்டு வருஷம் உழைத்த மனிதரை, தூங்கியவன் என்று பெயர் வைத்து மறுபடி மடுல்சீமைக்கு மூட்டை கட்டி அனுப்புவார்கள். ஆனால் அவர் தூங்கியா இப்படி ஆனார்? தூங்காமல் அல்லவா ஆனார்!

நான் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ரயில் தெமோதரைக்கு வந்துவிட்டது, பதுளைக்கு இதோ வருகிறது அதோ வருகிறது என்று நாம் எல்லோரும் குதூகலப்படுகிறோம் இல்லையா? அந்தப் பாதை வேலை நடக்கிற இடத்துக்குக் காவல் வேண்டும் என்று எங்கள் ஸ்டேஷன் ஆட்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மிச்சப் பாதி, முழு ஸ்டேஷன் வேலையையும் பார்த்தது. ராத்திரி முழுக்க பீட், ஊரைச் சுற்றி ரோந்து. விடிந்தால் டிரில். டிரில் முடிந்தால் கைதியைக் கூட்டிக்கொண்டு பதுளைக் கோர்ட்டுக்கு நடை. வந்தால் சென்ட்ரி. நடுவில் தூங்கலாம். யார் வேண்டாம் என்றார்கள்?

எங்கே தூங்குவது? போலீஸ் லயமும் தோட்டத்து லயம் மாதிரிதான். ஒரு தகரக் கூரை, வரிசையாக அறைகள். முதல் அறையில் தும்மினால் கடைசி அறையில் ஆயுசு நூறு சொல்வார்கள். பகல் பத்து மணிக்கு ஒரு வீட்டில் மிளகாய் இடிப்பு, ஒரு வீட்டில் பிள்ளைக்கு அடி, எதிர் மைதானத்தில் பியூகிள் ஊதப் பழகுகிற ஒரு புண்ணியவான். புண்ணியவானுக்கு இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் ஊத முடியாமல் மூச்சு முட்டுகிறது.

நான் சும்மா இருந்தேனா? ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். காதில் பஞ்சு வைத்தேன். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பக்கத்து வீட்டுச் சேவல் பகலில் கூவுகிறது என்று அதை விலை பேசி வாங்கிக் குழம்பே வைத்துவிட்டேன். அன்று நன்றாகச் சாப்பிட்டார். தூங்கத்தான் இல்லை.

ஸ்டேஷனுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் காசிம் நானா கசகசா கொடுத்தார். "பால்ல அரைச்சுக் குடுங்க டீச்சர். யானையும் தூங்கிப் போகும்" என்றார். அரைத்துக் கொடுத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு யானை தூங்கியது. மூன்றேகாலுக்கு ஸ்டேஷன் சார்ஜன் கதவைத் தட்டினார். பூட்ஸ், பெல்ட், பித்தளைப் பொத்தான் எல்லாம் பளபளக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறாராம். எழுந்து பொத்தான் துடைத்தார். கண்தான் பளபளக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அர்ச்சனைக்கு ஐயர் கேட்டார். "பேரு? நட்சத்திரம்?"

"முந்நூத்திப் பதினேழு, ஐயா!" என்று சல்யூட் அடித்தார் மனுஷன்.

ஐயரும் அசரவில்லை. முந்நூற்றுப் பதினேழு நாமதேயஸ்ய என்று அர்ச்சனையை முடித்துத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார். வீடு வரும் வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

சிரிப்பெல்லாம் அதற்கு அடுத்த வாரம் நின்றுபோனது. பதுளைக் கோர்ட்டிலிருந்து தனியாகத் திரும்பி வந்தவர், ஒரு கொண்டை ஊசி வளைவில் வளையாமல் நேராக நடந்திருக்கிறார். நடந்துகொண்டே தூக்கம்! பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் கத்தியிருக்காவிட்டால் கீழே நூறடிப் பள்ளம். வண்டிக்காரரே ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் இறக்கினார். "தங்கச்சி, இவர தனியா அனுப்பாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரரைத் தனியாக அனுப்பாமல் நான் என்ன செய்ய? கூடவே பீட் போகவா? அன்று நான் அழுதேன். அவர் பார்க்காதபடிதான் அழுதேன்.

இதில் ஊர்ப் பேச்சு வேறு. "போலீஸ்காரன் பொண்டாட்டிக்கு என்ன குறை? புருஷன் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறான்" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒரு அம்மாள். படுத்துக் கிடப்பதும் தூங்குவதும் ஒன்றா? உண்மையைச் சொன்னால், எங்கள் ஊரில் பகலில் நிம்மதியாகத் தூங்குகிறவன் திருடன்தான். ராத்திரி வேலை பார்த்த களைப்பு தீர மத்தியானம் வரைக்கும் தூங்குகிறான். அவனுக்கு டிரில் இல்லையே!

சரி, நான் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டேன்.

காசிம் நானாவின் கடை அடைத்திருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் பலகைக் கதவையெல்லாம் போட்டுவிட்டார். உள்ளே சாமான் வாங்க வந்த ஒரு கிழவர் மாட்டிக்கொண்டு, "நானா, நான் வெளிய போகணும்" என்று தட்டிக்கொண்டிருந்தார். ரோடெல்லாம் ஜனம். எங்கே தீ, எங்கே தீ என்று மலைமலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் போலீஸ் படை வரிசை கட்டி நின்றது. அந்தக் காட்சியை என்னவென்று சொல்ல? ஒருவர் இடுப்பில் சாரமும் தலையில் தொப்பியும். ஒருவர் பாதி முகத்தில் சவர நுரையோடு. ஒருவர் ஒரு காலில் மட்டும் பட்டித் துணி சுற்றியிருந்தார். மறு காலின் பட்டி பின்னால் வால் மாதிரி நீண்டு கிடந்தது. கோடியில் நின்ற ஒருவர், பக்கத்தில் நின்றவரின் தோளில் தலை சாய்த்து, நின்ற வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். ஆபத்து மணிக்கு ஓடிவந்தவர் ஐயா அவர்! வந்த வேலை முடிந்தது என்று மறுபடி தூங்கிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றார். கையில் கம்பி. யாரோ பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். விழித்திருந்தார்... ஆனால் முழுதாக இல்லை.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பறங்கித் துரை. தமிழ் பேசுவார், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ராத்திரி பீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று பிடிப்பதற்காகவே குதிரையில் ஊரைச் சுற்றுகிற மனிதர். பிடித்துமிருக்கிறார், இரண்டு மூன்று பேரை.

"யார் அடிச்சது?"

"நான்தாங்க ஐயா."

"எங்கே தீ?"

"தீ இல்லீங்க ஐயா. பெரட்டுங்க."

"பெரட்டா? யார் உத்தரவு?"

"எங்க அப்பாங்க ஐயா."

இன்ஸ்பெக்டர் சார்ஜனைப் பார்த்தார். சார்ஜன் வானத்தைப் பார்த்தார்.

"உன் அப்பா எங்கே?"

"செத்துட்டாருங்க ஐயா. மூணு வருஷமாச்சு."

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று இன்ஸ்பெக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். துரையின் இடது கன்னத்தில் நீல மை. சும்மா கறை இல்லை. இரண்டு வரி எழுத்து, இடம் வலம் மாறி, அச்சடித்த மாதிரி.

நான் டீச்சர் ஐயா! எழுதிக்கொண்டிருந்த கொப்பித் தாளிலேயே தலை வைத்துத் தூங்கி எழுந்த கன்னத்தை எத்தனை பார்த்திருக்கிறேன்! என் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு கன்னமாவது அப்படி வரும். "கன்னத்துல மை, போய்க் கழுவிட்டு வா" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. அந்தப் பாழாய்ப்போன பழக்கம் அன்றைக்கு என்னைக் கேட்காமலே வேலை செய்தது.

"கன்னத்துல மை..." என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்தது. துரை திரும்பினார்.

"நீ யார்?"

"முந்நூத்திப் பதினேழு சம்சாரமுங்க ஐயா. பள்ளிக்கூடத்து டீச்சருங்க."

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. உங்க கன்னத்துல... மை இருக்குதுங்க."

அவர் கன்னத்தைத் தொட்டார். விரலைப் பார்த்தார். மறுபடி தொட்டார். பிறகு வரிசையைப் பார்த்தார். சாரத்தையும் சவர நுரையையும், கோடியில் நின்று தூங்குகிறவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன நினைத்தாரோ. "நாளைக்கு விசாரணை" என்று சார்ஜனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. சார்ஜனுக்குத் தெரிந்திருந்தது.

"ஏம்மா டீச்சரம்மா, ஒனக்கு வாய் சும்மாவே இருக்காதா?" என்றார். நியாயமான கேள்விதான்.

அன்று சாயங்காலம் சார்ஜன் வீட்டுக்கு வந்தார். கோபத்தில் கத்துவாரே தவிர, நல்ல மனுஷன். என் வீட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இங்க பாருடா. காய்ச்சல்ல பெனாத்திட்டேன்னு சொல்லிரு. நான் அப்புடியே எழுதிக்கிறேன். தூங்கினேன்னு உன் வாயால சொல்லாத. சொன்னா வேலை போயிரும்."

எனக்கு அந்த யோசனை பிடித்தது. மறைப்பானேன்? மிகவும் பிடித்தது. அவர் போனதும், "ஏங்க, அப்படியே சொல்லிருங்க. காய்ச்சல்னா யாரு சோதிக்கப் போறாங்க?" என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பொய் சொல்லணும்னா முழிச்சிருக்கணும் புள்ள. துரை ரெண்டாவது கேள்வி கேட்டா முதல்ல என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கணும். எனக்கு அதுக்குக்கூடத் தெம்பில்ல."

"சரி, அங்க என்னதான் நடந்திச்சு?"

"பத்து வரைக்கும் நான்தான் அடிச்சேன். அதுக்கப்புறம் ஒரே பனி. எங்கப்பா பக்கத்துல நிக்கிறாரு. நேரமாச்சு, சனம் இன்னும் எந்திரிக்கல, நிறுத்தாம அடிடாங்குறாரு. நானும் அடிச்சேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் கெட்ட போலீஸ்காரனா புள்ள?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய்ப் பையிலிருந்து என் பள்ளிக்கூடத்துச் சிலேட்டை எடுத்தேன். டைம்டேபிள் போடுவதுதானே என் தொழில்? எந்த வகுப்புக்கு எந்த நேரம் எந்தப் பாடம் என்று கட்டம் போட்டே காலம் போகிறது. அவருக்கும் போட்டேன். மேலே கிழமை, பக்கத்தில் மணி. "போன திங்கள் என்ன செஞ்சீங்க? காலையில? அதுக்கப்புறம்?" கேட்டுக் கேட்டு எழுதினேன். பீட், டிரில், கோர்ட், சென்ட்ரி. தூங்கிய நேரத்துக்கு மட்டும் கட்டத்தை அடைத்து வெள்ளையாகத் தீட்டினேன்.

ஒரு வாரக் கட்டங்களையும் எழுதி முடித்தபோது சிலேட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். கறுப்பாகவே இருந்தது. அங்கங்கே கோழி எச்சம் மாதிரி நாலைந்து வெள்ளை.

"இதையே கொண்டுபோய்க் காட்டுங்க" என்றேன். "வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்."

செவ்வாய்க்கிழமை காலை சிலேட்டைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி போனார். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனா? பானையை இறக்கினேன், ஏற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று துணிமணியை மூட்டை கட்டினேன். அபசகுனம் என்று அவிழ்த்தேன். ஸ்டேஷன் மணி எட்டு அடித்தது. ஒன்பது அடித்தது. பத்து அடித்தது... பத்தோடு நின்றது. அதன் பிறகுதான் வந்தார்.

வாசலிலேயே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அடைச்சிட்டாங்க புள்ள."

"ஐயோ... பதுளை ஜெயில்லயா?"

"இல்ல."

"பின்ன எங்க?"

"இங்கதான். லயத்துல."

இரண்டு பேருக்குமே புரியவில்லை. பின்னாலேயே வந்த சார்ஜன்தான் விளக்கினார். துரை சிலேட்டை வெகுநேரம் பார்த்தாராம். யார் போட்டது என்று கேட்டாராம். பெண்டாட்டி என்றதும், "மை டீச்சரா?" என்றாராம். பிறகு தண்டனை சொல்லியிருக்கிறார். சென்ட்ரியில் கவனக்குறைவு. அதற்காக முந்நூற்றுப் பதினேழு இரண்டு நாள் முழுக்க லயத்து அறையை விட்டு வெளியே வரக்கூடாது. பீட் கிடையாது, டிரில் கிடையாது, கோர்ட் கிடையாது. அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும்.

"வேலை?" என்றேன்.

"வேலைக்கு என்னம்மா? வேலை இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லு."

அப்பாடா! வாசகர்களே, அந்த 'அப்பாடா'வை எழுத்தில் கொண்டுவர என் பேனாவுக்கு வக்கில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். சார்ஜன் தர்மசங்கடப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

உள்ளே திரும்பிப் பார்த்தால் கைதியைக் காணோம். பாயில் விழுந்திருந்தார். ஒரு பூட்ஸ் கழற்றியிருந்தார். மறு பூட்ஸை நான் கழற்றினேன்.

சார்ஜன் போகவில்லை. கைதி தப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் மிளகாய் இடிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போனார்.

"ஏம்மா, உலக்கைய வையி. இங்க சர்க்கார் தண்டனை நடக்குது. அதுக்கு இடைஞ்சல் பண்ணினா ஒன்னையும் உள்ள போட்டுருவேன்."

உலக்கை நின்றது. பிள்ளைகள் மைதானத்துக்கு விரட்டப்பட்டார்கள். பியூகிள் புண்ணியவானை ஆற்றங்கரைக்கு அனுப்பினார். அங்கே போய் மீன்களுக்கு வாசிக்கட்டும் என்றார். ஒரு லயம் முழுக்க, கல்யாண வீட்டுக்கு வேலை செய்கிற மாதிரி, எல்லோரும் சேர்ந்து அமைதியாக இருந்தார்கள். இரண்டு நாளும் அவர் தூங்கினார். எழுந்தார், சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். கீரை ஆய்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போன வாரம் பத்திரிகையில் என்னுடைய இந்தப் பத்தி வராததற்குக் காரணம் அதுதான். பேனா கீறுகிற சத்தத்தில் எழுந்துவிடுவாரோ என்று பயம்.

மூன்றாம் நாள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, "என்ன புள்ள, இளைச்சுப் போயிட்ட?" என்றார். எத்தனை மாதமாக என் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கிறார் பாருங்கள்!

துரை அதோடு விடவில்லை. ராத்திரி பீட் போனவருக்குக் காலை டிரில் இல்லை என்று ஆக்கிவிட்டார். கோர்ட்டுக்கு, ராத்திரி தூங்கியவர்தான் போக வேண்டும். பொத்தான் பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள். தெமோதரைக்குப் போனவர்களில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியும் இருக்கிறாராம். ஆள் அப்படியொன்றும் கூடவில்லை. வேலையும் குறையவில்லை. நேரத்தை யோசித்துப் பங்கு போட்டார், அவ்வளவுதான். ஊர் தூங்க வேண்டும் என்பதற்காக ஆள் வைக்கிற சர்க்கார், அந்த ஆள் எப்போது தூங்குவான் என்று முன்னமே கேட்டிருந்தால், பதின்மூன்று மணி அடிக்க வேண்டி வந்திருக்குமா?

இதையெல்லாம் எழுதலாமா என்று சார்ஜன் மூலம் கேட்டனுப்பினேன். ஊர்ப் பெயர் போடாவிட்டால் எழுதலாம் என்று துரை சொல்லிவிட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சார்ஜன் வாசித்துக் காட்டுவார். சார்ஜன் ஐயா, அந்தக் கன்னத்து மை வருகிற இடத்தைக் கொஞ்சம் வேகமாக வாசித்துவிடுங்கள்.

ஒரே நஷ்டம், என் சிலேட். அது திரும்பி வரவில்லை. "பள்ளிக்கூடத்துச் சிலேட் எங்கே?" என்று தலைமை ஆசிரியை கேட்கிறார். சர்க்கார் கைப்பற்றிவிட்டது என்றேன். நம்பவில்லை. ஸ்டேஷனில் எட்டிப் பார்த்தேன். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். என் கட்டங்களை அழித்து எல்லா நம்பருக்கும் புதிதாகக் கட்டம் போட்டிருக்கிறது, இப்போது நிறைய வெள்ளை. எல்லாவற்றுக்கும் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. நம்பர் இல்லாத வரி. அதிலும் தினம் மத்தியானம் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் தீட்டியிருக்கிறது. துரை தனக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே பிரச்சினைதான். குறட்டை. எட்டு வருஷம் இல்லாத குறட்டை, சேர்த்துவைத்த மாதிரி வருகிறது. பியூகிள்காரர்கூட நேற்று வந்து, "அண்ணன் அந்த இடத்துல மூச்ச எப்புடி விடுறாரு?" என்று விசாரித்துவிட்டுப் போனார். தகரக் கூரை அதிர்கிறது. நான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வருகிறது, நன்றாகவே வருகிறது.

இன்று காலை வகுப்பில் வருகை டாப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஸ்டேஷன் மணியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சரியாகப் பத்து. எண்ணி முடித்ததும் யாரோ என் புடவையை இழுத்தார்கள். தலையைத் தூக்கினேன். செல்லம்மா.

"டீச்சர், உங்க கன்னத்துல மை."